எதிரி முகாமில் மூன்று நண்பர்கள்

(முன்னெச்சரிக்கை: கதையின் முடிவு கீழே வருகிறது. நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வரலாம். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.)

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டாம் பாகம் முடியும் இடத்தில் இரண்டு ஓர்க்குகள் பேசிக்கொண்டே போவார்கள். ஷாக்ரத், கோர்பாக். மேலதிகாரிகள் மேல் எரிச்சல், போர் எப்போது முடியுமோ என்ற அலுப்பு, முடிந்ததும் நம்பகமான நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்காவது தனியாகப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. படிக்கிறவருக்கு ஒரு கணம் இவர்கள் வில்லனின் ஆட்கள் என்பதே மறந்துபோகும். ஆனால் அடுத்த பாகத்தில் ஒரு மித்ரில் சட்டைக்காக இருவருடைய கூட்டமும் வெட்டிக்கொண்டு சாகும். கோர்பாக்கைக் கொல்வதே ஷாக்ரத்தான். ஓர்க்குகளுக்கு நட்பு என்று டோல்கீன் ஒதுக்கியது அந்தக் கொஞ்ச இடம்தான்.

ரசிகர் புனைவு முளைப்பது இந்த மாதிரி இடுக்குகளில். மூல ஆசிரியர் கதவை லேசாகத் திறந்து காட்டிவிட்டுச் சாத்திவிடுவார். ரசிகர் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார். பெரும்பாலானவர்கள் எழுதுவது இரண்டு ஹீரோக்களின் பிரிவு, கண்ணீர், கட்டித்தழுவல் என்று ஐந்தாறு பக்கம். அதில் தப்பில்லை, ஆனால் மறுநாள் நினைவில் நிற்காது. நினைவில் நிற்கிற மாதிரி எழுதியவர்களில் ஒருவர், ரஷ்யாவின் கிரில் எஸ்கோவ். 1999ல் ரஷ்ய மொழியில் வெளியான 'கடைசி மோதிரதாரி' என்ற அவருடைய நாவல், மோதிரப் போரை மோர்டோர் பக்கம் நின்று சொல்கிறது.

எஸ்கோவ் தொழில்முறை எழுத்தாளர் அல்ல. 1956ல் பிறந்த தொல்லுயிரியல் விஞ்ஞானி. அவருடைய சிறப்புத்துறை சிலந்திகள். (ராட்சதச் சிலந்தி ஷெலோபைப் படித்தபோது மனுஷன் என்ன நினைத்திருப்பாரோ!) விஞ்ஞானிக்கே உரிய புத்தியோடு அவர் மத்திய உலகத்தை ஒரு நிஜமான நாட்டுத் தொகுதியாக எடுத்துக்கொள்கிறார். மோர்டோர் ஏன் பாலைவனம்? அகலக்கால் வைத்துச் செய்த நீர்ப்பாசனத்தால் நிலம் உப்பேறிப் பாழாய்ப் போயிற்று என்கிறார். அதனால் சோற்றுக்கு வெளிநாட்டுத் தானியத்தை நம்பி இருக்கிறது. வணிக வண்டிகள் வரும் பாதையை அடைத்தால் போர் தானாக வரும். பாரத்தூர் கோட்டை இருட்டு மாளிகை அல்ல. பல்கலைக்கழகமும் பட்டறைகளும் உள்ள நகரம். ஓர்க்குகளும் ட்ரோல்களும் சாதாரண மனித இனங்கள். இயந்திர யுகத்தின் வாசலில் நிற்கும் இந்த நாட்டை அழிக்க கண்டால்ஃபும் எல்ஃபுகளும் போர் மூட்டினார்கள். நாம் படித்த கதை ஜெயித்தவர்கள் எழுதிவைத்த வரலாறு. இது எஸ்கோவின் கணக்கு.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'வில்லன் பக்கத்துக் கதை', 'தலைகீழ் டோல்கீன்' என்று முத்திரை குத்தியாகிவிடும். புத்திசாலித்தனமான விளையாட்டு என்று பாராட்டுவார்கள், இல்லை அவமரியாதை என்று திட்டுவார்கள். உண்மையில் தலைகீழாக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. நல்லவனைக் கெட்டவன் என்றும் கெட்டவனை நல்லவன் என்றும் எழுத ஒரு மத்தியானம் போதும். ஒரு முழு நாவலின் நீளத்துக்கு அதை வாசகன் நம்பிப் பின்தொடர வேண்டுமானால் வேறு ஏதாவது வேண்டும். எஸ்கோவிடம் அது மூன்று பேரின் நட்பு.

முதலில் இரண்டு பேர்தான். போரில் மோர்டோர் தோற்றுவிட்டது. படை சிதறிவிட்டது. ஹலாத்தின் என்ற ராணுவ மருத்துவனும், ட்ஸெர்லாக் என்ற சார்ஜென்ட்டும் பாலைவனத்தில் ஒளிந்து ஒளிந்து போகிறார்கள். ஒருவன் பல்கலைக்கழகத்து ஆள். மற்றவன் ஓரோகுவென், அதாவது டோல்கீன் 'ஓர்க்' என்று சொல்கிற நாடோடி இனத்தான்; பாலைவனத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி கண்டுபிடிப்பான். வழியில் ஒரு குடியிருப்பில் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். கொன்றவர்களின் தடத்தைப் பிடித்துப் போகும்போது மணலில் கழுத்தளவு புதைக்கப்பட்ட ஒருவன் கிடைக்கிறான். பெயர் டாங்கோர்ன். கோண்டோர் நாட்டுப் பிரபு. எதிரிப் படை அதிகாரி.

எதிரியைப் புதைத்தது யார்? அவன் பக்கத்து ஆட்களேதான். அந்தப் படுகொலையைத் தடுக்கப் பார்த்தான் என்பதற்காக.

நட்பு தொடங்குகிற காட்சிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது அபூர்வம். 'நீ நல்லவன், நானும் நல்லவன்' என்று யாரும் யாருக்கும் சான்றிதழ் கொடுக்கத் தேவையே இல்லை. அவன் கழுத்துவரை இருக்கும் மணலே சாட்சி. எஸ்கோவ் இங்கே வசனத்தை நீட்டவில்லை. தோண்டி எடுக்கிறார்கள், உயிரைப் பிடித்து நிறுத்துகிறார்கள், மூவரும் சேர்ந்து கொலைகாரர்களின் பின்னால் போகிறார்கள். அந்தக் கூட்டத்தோடு இருந்த எலோவார் என்ற எல்ஃபின் சாவுதான் பிற்பாடு கதையின் சாவியாகிறது. அவன் தாய் லோரியனில் பெரிய இடம்.

கவனித்துப் பார்த்தால், இந்த மூன்று பேரையும் எஸ்கோவ் உட்காரவைத்து உணர்ச்சி பேசவிடுவதே இல்லை. அவர்களைச் சேர்த்து வைப்பது வேலை. பாலைவனத்தில் ட்ஸெர்லாக் சொல்வதுதான் சட்டம். படித்த மருத்துவனும் பிரபுவும் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடக்கிறார்கள். காயம் என்று வந்தால் ஹலாத்தின். வாள், ஒற்றர் வேலை என்றால் டாங்கோர்ன். யாருக்கு எது தெரியுமோ அந்த நேரத்தில் அவன் தலைவன். ஒரு கல்லூரிப் பிராஜெக்ட்டில் மூன்று பேர் சேர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். (ஒருவன் செய்து மற்ற இருவர் பெயர் போட்டுக்கொண்ட பிராஜெக்ட்டுகள் இந்தக் கணக்கில் சேராது.)

டோல்கீனிடமும் இது உண்டு என்பதை மறக்கக் கூடாது. எல்ஃபான லெகோலாஸும் குள்ளனான கிம்லியும் பரம்பரைப் பகையை மறப்பது ஏதோ சமாதானப் பேச்சுவார்த்தையில் அல்ல. சேர்ந்து நடந்து, சேர்ந்து சண்டை போட்டு, ஹெல்ம்ஸ் டீப் கோட்டையில் யார் அதிகம் ஓர்க்குகளைக் கொன்றது என்று எண்ணிக்கொண்டு (கிம்லி 42, லெகோலாஸ் 41) அப்படியே நண்பர்களாகிவிடுவார்கள். எஸ்கோவ் அந்த எண்ணிக்கையில் வெறும் நம்பராகப் போன ஓர்க் இனத்திலிருந்து ஒருவனைத் தூக்கி எடுத்து, அதே விதமான நட்பை அவனுக்குக் கொடுக்கிறார். டோல்கீனை இவ்வளவு நெருக்கமாகப் படித்தவர்தான் இதைச் செய்ய முடியும்.

இனி அவர்களின் காரியம். ஷார்யா-ரானா என்ற நாஸ்குல் ஹலாத்தினிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறான். கலாட்ரியேலின் கண்ணாடியை ஒரோட்ரூயின் எரிமலையில் அழிக்க வேண்டும். அப்போதுதான் மந்திர உலகம் இந்த உலகத்தை விட்டு விலகும். கெடு நூறு நாள். ஹலாத்தினை ஏன் பிடித்தான் என்றால், அவனிடம் மந்திரம் என்பது துளிகூட இல்லை. லோரியனுக்குள் புகுந்து அந்தக் கண்ணாடியைத் தூக்கி வருவது நடக்கிற காரியமல்ல. அதனால் பாலன்டீர் என்ற தொலைநோக்குக் கற்களில் ஒன்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, இன்னொன்றை எரிமலையில் போட்டால் நெருப்பு இதன் வழியாக அங்கே போய்ச் சேரும் என்று திட்டம் போடுகிறார்கள். நல்ல எஞ்சினியரிங் மூளை!

இதற்காக மூவரும் பிரிகிறார்கள். டாங்கோர்ன் தனியாக உம்பார் துறைமுகத்துக்குப் போகிறான். மற்ற இருவரும் வேறு திசை. நட்பைப் பற்றிய நாவலில் நண்பர்கள் பெரும்பகுதி நேரம் ஒன்றாக இல்லை என்பது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். போகப் போகத்தான் எஸ்கோவின் சாமர்த்தியம் தெரிகிறது. ஒருவன் செய்கிற ஒவ்வொரு காரியமும், தொலைவில் இன்னொருவன் தன் பங்கைச் செய்துகொண்டிருப்பான் என்ற நம்பிக்கையில் நடக்கிறது. தகவல் கிடையாது, கடிதம் கிடையாது. அவன் செய்வான், அவ்வளவுதான். டாங்கோர்ன் உம்பாரில் தன் வேலையை முடித்துவிட்டு அங்கேயே கொல்லப்படுகிறான். கடைசி நேரத்தில் நண்பர்கள் ஓடி வந்து மடியில் தலையைத் தாங்கும் காட்சியெல்லாம் இல்லை. போன மனிதன் போனவன்தான். ஆனால் அவன் செய்துவைத்த வேலை கதையில் தொடர்ந்து ஓடுகிறது.

இனி முடிவு. எரிமலையின் விளிம்பில் ஹலாத்தின், கையில் திட்டத்தின் கடைசிக் கட்டம். அப்போது பாலன்டீர் வழியாக சருமன் பேசுகிறார். இந்த நாவலில் சருமன் கோமாளி வில்லன் அல்ல, கண்டால்ஃபின் வழிமுறைகளை எதிர்த்தவர். அவர் சொல்வது: சௌரோனின் கோட்பாடே தவறாக இருக்கலாம், கல்லைப் போட்டால் உலகமே அழியலாம். லேசில் ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் அல்ல. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இவ்வளவு தத்துவம் பேசிய நாவல் இதை எப்படித் தீர்க்கப் போகிறது என்று வாசகன் காத்திருக்கும்போது, ட்ஸெர்லாக் தெரியாமல் அந்தக் கல்லைத் தொட்டுவிடுகிறான். தொட்டவரைக் கல்லாக்கும்படி கண்டால்ஃப் அதில் மந்திரம் ஏவி வைத்திருக்கிறார். சார்ஜென்ட் கல்லாகத் தொடங்குகிறான். அந்த மந்திரத்தை சருமனால் விலக்க முடியாது. மந்திரமே இல்லாமல் போனால்தான் உண்டு. ஹலாத்தின் கல்லை எரிமலைக்குள் போடுகிறான்.

உலகத்தின் தலைவிதி, இரண்டு நாகரிகங்களின் போராட்டம், அறிவியலா மந்திரமா என்ற அத்தனை கேள்வியும் கடைசியில் பக்கத்தில் நிற்கும் ஒரு சார்ஜென்ட்டின் உயிரில் வந்து நிற்கிறது. ஹலாத்தின் செய்தது சரியா? உலகம் அழிந்திருந்தால்? அழியவில்லை என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியாது. நிதானமாக யோசித்தால் இது பயங்கரமான முடிவு. ஒரு நண்பனுக்காக எல்லோரையும் பணயம் வைத்தவன் அவன். எஸ்கோவ் அதற்காக அவனைக் கொண்டாடவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

இங்கேதான் டோல்கீனின் கடைசிக் காட்சி நினைவுக்கு வரும். அதே எரிமலை, அதே விளிம்பு. ஃப்ரோடோ மோதிரத்தைப் போடவில்லை, தனக்கென்று எடுத்துக்கொள்கிறான். கொல்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தோடு விழுகிறது. காரியம் முடிவது ஹீரோவின் உறுதியால் அல்ல. முன்பொரு நாள் பில்போவும் பிறகு ஃப்ரோடோவும் சாமும் கொல்லத்தைக் கொல்லாமல் விட்ட இரக்கத்தால். எஸ்கோவ் டோல்கீனின் அரசியலை, வரலாற்றை, நல்லவர் கெட்டவர் பட்டியலை எல்லாம் புரட்டிப் போட்டார். ஆனால் எரிமலை விளிம்புக்கு வந்ததும், கொள்கையை வைத்து யாரும் அங்கே முடிவெடுக்க முடியாது, இன்னொரு உயிரோடு உள்ள பந்தம்தான் முடிவெடுக்கும் என்ற டோல்கீனின் இடத்தில் கை வைக்கவே இல்லை. மூலத்துக்குச் செய்த துரோகம் என்று திட்டுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. உம்பார் அத்தியாயங்கள் ஒற்றர் கதையாக மாறி நீண்டுகொண்டே போகின்றன. யார் யாருடைய ஆள் என்று துண்டுச்சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. ஹலாத்தினின் காதலி சோன்யா பெரும்பாலும் நினைவில் வந்துபோகும் பெயர்தான். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை எல்ஃபுகள். ஓர்க்குகளுக்கு முகம் இல்லை என்று டோல்கீன் மேல் கோபப்பட்டு எழுதியவர், தன் எல்ஃபுகளுக்கு முகம் கொடுக்க அவ்வளவு மெனக்கெடவில்லை. நட்புக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர் மூவரில் ஒருவனை எல்ஃபாக வைத்திருந்தால் நாவல் இன்னும் எங்கேயோ போயிருக்கும்.

இதெல்லாம் திருட்டு இல்லையா என்ற கேள்வியும் உண்டு. சட்டப்படி டோல்கீனின் எழுத்துக்கு ஐரோப்பாவில் 2043 முடியும் வரை காப்புரிமை இருக்கிறது. அதனால்தான் சில ஐரோப்பிய மொழிகளில் அச்சில் வந்த இந்த நாவல் ஆங்கிலத்தில் அப்படி வரவில்லை. 2010ல் ஆசிரியரின் சம்மதத்தோடு இலவச மின்னூலாகத்தான் வெளியானது. காசு பார்க்கிற வேலையை டோல்கீனின் வாரிசுகள் தடுப்பது அவர்கள் உரிமை. ஆனால் ஹலாத்தினையும் ட்ஸெர்லாக்கையும் டாங்கோர்னையும் டோல்கீனிடம் தேடினால் கிடைக்க மாட்டார்கள். இரவல் வாங்கியது நிலத்தை. அதில் நடக்கிற மூன்று பேரும் எஸ்கோவ் பெற்ற பிள்ளைகள்.

போர் முடிந்தபின் ஹலாத்தின் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கிப் போய்விடுகிறான். அரகோர்ன் தரப்பு வரலாறு ஏடுகளில் ஏறுகிறது. நடந்த கதை ட்ஸெர்லாக்கின் வம்சத்தில் வாய்மொழியாக மட்டும் தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகிறது. படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பாலைவனத்தில் நன்றாகத் தொடங்கும் கதை உடனே நின்று, மோர்டோரின் பொருளாதாரமும் ராஜதந்திரமும் பாடமாக நடக்கும். அங்கே மூடி வைத்துவிட வேண்டாம். மணலில் அந்தத் தலை தென்படும் வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம்.