வெள்ளி மூக்கும் டைட்டானியக் கன்னமும்

விபத்தில் முகம் சிதைந்த ஒருவர் இரண்டாம் முறை அறுவைச் சிகிச்சைக்கு முனைந்தால், "உயிர் பிழைத்ததே அல்லாஹ்வின் அருள், முகத்தைத் திருத்துவது அவன் படைப்பை மாற்றுவதாகும், சபர் செய்யட்டும்" என்று நம்மவர் சிலர் தீர்ப்பளித்து விடுகின்றனர். சபர் செய்ய வேண்டியவர் பிறராக இருக்கையில் இத்தீர்ப்பு எளிதாகவே வருகிறது.

படைப்பை மாற்றுவதைத் திருமறை (4:119) கண்டிக்கிறது. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோர் சபிக்கப்பட்டதும் ஆதாரபூர்வமான செய்தியே. ஆனால், நொறுங்கிய கன்ன எலும்பை அதன் இடத்தில் பொருத்துவது மாற்றுவதா, மீட்பதா?

வேல்ஸ் நாட்டில் 2012ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் சிக்கியவருக்குக் கன்ன எலும்புகள், மேல்தாடை, மூக்கு யாவும் உடைந்தன. முதற்சிகிச்சையில் பெரும்பகுதி சீரானது. இடக்கன்னமும் கண்குழியும் மட்டும் சரியாக அமையவில்லை. தொப்பியும் கண்ணாடியும் அணிந்து முகத்தை மறைத்தே அவர் வெளியே நடமாடினார். பின்னர் ஸ்வான்சீ நகரின் மோரிஸ்டன் மருத்துவமனையில், சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு, இருபுறமும் ஒத்த மண்டையோட்டு மாதிரியை முப்பரிமாண அச்சில் உருவாக்கினர். எலும்பை எங்கே அறுப்பது எனக் காட்டும் வழிகாட்டி அச்சுகளையும் அதற்கேற்பச் செய்தனர். டைட்டானியத் தகடுகள் பெல்ஜியத்தில் அச்சாகி வந்தன. பிழையாகக் கூடிய எலும்புகளை மீண்டும் உடைத்துப் பொருத்த எட்டு மணி நேரம் ஆயிற்று. 2014இல் இது உலகச் செய்தியானது.

இதை ஆடம்பரம் என்போர், கண்குழியில் சில மில்லிமீட்டர் பிசகினாலும் பார்வை இரட்டிக்கக்கூடும் என்பதை அறிவார்களா? மாதிரி கையில் இருந்தால், அறுவை மேசையில் கண்ணளவில் ஊகிக்க வேண்டியதை மருத்துவர் முன்கூட்டியே அளந்து ஒத்திகை பார்த்துவிடுகிறார்.

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள், அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் மூக்குச் செய்து அணிந்தார்கள். அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் பதிவான செய்தி இது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டதென்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். "வெள்ளி மூக்கு இருக்கிறதே, பொறுத்துக்கொள்ளும்" என்று அங்கே சொல்லப்படவில்லை.

ஆகவே, சிகிச்சைக்கு உதவி நாடி ஒரு குடும்பம் ஜமாஅத்தின் வாசலுக்கு வந்தால், நிர்வாகிகள் முதலில் மருத்துவ அறிக்கையைக் கேட்டு வாங்கட்டும். ஐயம் எழுந்தால், அந்த அறிக்கையோடு ஓர் ஆலிமிடம் செல்லட்டும். பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து ஃபத்வா வழங்குவதை அதுவரை நிறுத்தி வைக்கட்டும்.