மூளைக்கு மூல உயிரணு: அவசரம் வேண்டாம்

இளமையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நம் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இப்போது பார்க்கின்சன் என்ற பெயரும் சங்கக் குடும்பங்களில் அடிபடுகிறது. கை நடுக்கம், நடையில் தயக்கம், சட்டைப் பொத்தான் போடவே பத்து நிமிடம். பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்க, வீட்டில் துணைவி ஒருவரே எல்லாவற்றையும் தாங்குகிறார். அந்த வீடுகளைத் தேடித்தான் 'ஸ்டெம் செல் ஊசி' விளம்பரங்கள் வருகின்றன. சொந்த ஊரில் உள்ள மனையை விற்றாவது போட்டுக்கொள்ளலாமா என்று இரண்டு குடும்பங்கள் என்னிடம் கேட்டுவிட்டன.

நான் டாக்டர் இல்லை; ரயில் பாதையைப் பராமரித்து ஓய்வு பெற்ற டிப்ளமோக்காரன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். என் கருத்து இதுதான்: பணம் கொடுத்து இந்த ஊசியை யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதினார். மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இதற்குக் காரணம். நடுக்கம் வெளியே தெரியும் முன்பே அவற்றில் பெரும் பங்கு போயிருக்கும். 1960-களிலிருந்து வழக்கில் உள்ள லெவோடோபா மாத்திரை டோபமின் குறையை ஈடு செய்கிறது. உயிரணுக்கள் அழிவதை அது நிறுத்துவதில்லை. ஆகவே, அழிந்ததற்குப் பதில் புதியதை வைக்க முடியுமா, இருப்பதையாவது காப்பாற்ற முடியுமா என்று விஞ்ஞானிகள் தேடுவது நியாயமே.

புதியதை வைக்கும் முயற்சியில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. உடலின் சாதாரண உயிரணுவை மூல உயிரணுவாக மாற்றும் வழியை ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-ல் எலியில் கண்டு, 2012-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் டோபமின் உயிரணுக்களுக்கான முன்னோடிகளை வளர்த்து, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஏழு நோயாளிகளின் மூளையில் அறுவை சிகிச்சை மூலம் வைத்தார்கள். முடிவுகள் 2025-ல் வெளியாயின. இரண்டு ஆண்டுகளில் பெரிய ஆபத்து எதுவும் நேரவில்லை. சிலருக்கு முன்னேற்றமும் தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பன்னிரண்டு பேரிடம் நடந்த இதே போன்ற சோதனையின் முடிவும் அதே ஆண்டில் வந்தது. இவை சிறிய சோதனைகள். பாதுகாப்பானதா என்று பார்ப்பதே அவற்றின் முதல் நோக்கம்.

நம்மூர் விளம்பரங்களில் வருவது இதுவல்ல. இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ உயிரணுக்களை எடுத்து, ரத்தக் குழாயிலோ முதுகுத்தண்டிலோ ஏற்றுகிறார்கள். இது மூளை உயிரணுக்களைக் காக்கும் என்கிறார்கள். ரத்தக் குழாயில் ஏற்றுபவற்றில் பெரும்பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது. பார்க்கின்சன் நோயில் இந்த ஊசி மூளையைக் காக்கிறது என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை.

"போட்டுக்கொண்டவர் நன்றாக நடக்கிறாரே" என்று கேட்கலாம். இந்த நோயில் நம்பிக்கைக்கே தனி பலம் உண்டு. வெறும் உப்புநீரை மருந்தென்று நம்பிப் போட்டுக்கொண்டாலும் மூளையில் டோபமின் சற்றுக் கூடும் என்பதை 2001-லேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் நல்ல சோதனைகளில் ஒரு பகுதியினருக்குப் பொய்ச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒருவரின் அனுபவம் சாட்சியாகாது.

ரயில்வேயில் ஒரு புதிய பாதை போட்டால், போட்ட இன்ஜினியரே "சரியாக இருக்கிறது" என்று சொல்லிப் பயணிகள் வண்டியை விட முடியாது. ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்து அனுமதி தர வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். செய்தவனே சான்று கொடுக்கக் கூடாது என்பதுதான் தத்துவம். ஊசியை விற்பவரே அதற்குச் சான்றும் கொடுத்தால் எப்படி ஏற்பது?

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, குறிப்பிட்ட சில நோய்களுக்கு ரத்த மூல உயிரணு மாற்றம் செய்வது மட்டுமே அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றவை அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். ஆராய்ச்சிச் செலவை நோயாளியின் தலையில் கட்டவும் கூடாது. ஆகவே யாராவது ஸ்டெம் செல் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது ஆராய்ச்சியா, சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இதன் எண் என்ன? பணம் எதற்கு?

"முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?" என்பார்கள். நஷ்டம் உண்டு. முதுகுத்தண்டில் ஊசி போட்டால் தொற்று வரலாம். நாளை உண்மையான சோதனை வரும்போது, முன்பே இப்படி ஊசி போட்டவர்களைச் சேர்க்காமல் விடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, இது பத்து, இருபது ஆண்டுகள் கூட வரும் நோய். இன்று ஊசிக்குப் போகும் பணம், நாளை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தேவைப்படும் பணம்.

செய்ய வேண்டியவை வேறு. மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பது, தினமும் உடற்பயிற்சி, பிசியோதெரபி, வழுக்காத குளியலறை. சந்தேகம் இருந்தால், ஊருக்குப் போகும்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் அல்லது திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் காட்டலாம்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஆண்டு மலருக்கு முழுப் பக்க விளம்பரம் கிடைத்தாலும், இந்த ஊசி வியாபாரிகளுடையதை ஏற்க வேண்டாம். அந்த வருமானம் நம் உறுப்பினர் வீட்டுப் பணமே. அடுத்து, வாரம் ஒரு நாள் மாலை சங்க மண்டபத்தை இந்த நோயாளிகளின் உடற்பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் இருக்கும் துணைவிக்கும் ஓய்வு கிடைக்கும்.