டெரிடோரியல் சிப்பாயின் சோறும் கூரையும்

2025-ம் வருஷம் மே 6-ந் தேதி இந்திய சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தனர். 1948-ம் வருஷத்து டெரிடோரியல் சேனை விதிகளில் 33-வது விதியின்படி, அச்சேனையில் பதிவு பெற்ற ஒவ்வோர் அதிகாரியையும் சிப்பாயையும் வேண்டியபோது அழைத்துக்கொள்ளத் தரைப்படைத் தலைவருக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. 32 காலாட் பட்டாளங்களில் 14-ஐச் சேவையில் இறக்கவும் சம்மதம் அளித்தார்கள். உத்தரவின் ஆயுள் 2028 பிப்ரவரி 9 வரை. மறுநாள் பொழுது புலருமுன் எல்லைக்கு அப்பால் தாக்குதல் தொடங்கிற்று. 10-ந் தேதி சண்டை நின்றது. நின்றுபோன சண்டையைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்போர் இருக்கலாம். பீரங்கி முழங்கும்போது சோற்றுக் கணக்குக் கேட்பவனைத் தேசத்துரோகி என்பார்கள். ஆகவே அமைதி நிலவும் வேளையில்தான் இதைக் கேட்க முடியும்.

அந்த உத்தரவில் ஒரு ஷரத்து உண்டு. பட்ஜெட்டில் பணம் இருந்தாலோ, உள்சேமிப்பிலிருந்து பணம் கிடைத்தாலோ மட்டுமே பட்டாளத்தைச் சேவைக்கு அழைக்க வேண்டும். வேறு மந்திரி இலாகாவின் வேண்டுகோளின்பேரில் அழைத்தால் அந்த இலாகாவே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். கணக்கப்பிள்ளையின் புத்தி என்று இதைச் சிலர் பரிகசித்தனர். நாம் பரிகசிக்க மாட்டோம். கையில் பணமில்லாமல் ஒருவனையும் அழைக்கலாகாது என்றால், அழைக்கப்பட்ட எவனுக்கும் சோறில்லை, படுக்க இடமில்லை என்று சொல்லும் உரிமை சர்க்காருக்கு அறவே இல்லை என்றாகிறது. இந்த ஷரத்தை நாம் பத்திரமாக நினைவில் வைத்துக்கொள்வோம்.

டெரிடோரியல் சேனை நமக்குப் புதிதன்று. 1949 அக்டோபர் 9-ந் தேதி அதைத் தொடங்கி வைத்தவர் அன்று கவர்னர் ஜெனரலாயிருந்த ராஜாஜி. அதற்கும் முன்னே, வெள்ளையர் ஆட்சியில் மதராஸ் காலாட் பட்டாளங்களைக் கலைத்துவிட்டு, தென்னாட்டார் போருக்கு லாயக்கற்றவர் என்ற கட்டுக்கதையைப் பரப்பினார்கள். உலக யுத்தம் நெருக்கியபோது, 1941-ல், மதராஸ் ரெஜிமெண்டை மீண்டும் உயிர்ப்பிக்க அவர்களுக்கு அடிப்படையாய் உதவியவை தென்னாட்டு டெரிடோரியல் பட்டாளங்களே. சுதந்திரத்திற்குப் பின்னும் 1962, 1965, 1971 யுத்தங்களில் இச்சேனை ஊழியம் புரிந்தது. இன்று கோயமுத்தூரில் 110-வது பட்டாளமும், திருச்சியில் 117-வது பட்டாளமும் இருக்கின்றன. கிரிக்கெட் வீரர் தோனி 2019-ல் காஷ்மீரில் இச்சேனையோடு பதினைந்து நாள் தங்கியதைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. பெயரில்லாத சிப்பாய் எங்கே படுத்தான், என்ன தின்றான் என்று எழுதுவார் இல்லை!

சாணார்பட்டி யூனியனை எடுத்துக்கொள்வோம். மே மாதம் நத்தம் ரஸ்தாவில் கோபால்பட்டி வரை மாங்காய் வண்டிகள் நிற்கும் காலம். குத்தகைத் தோப்பை நம்பி வாழும் ஒருவன் இச்சேனையில் பதிந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் சில வாரம் பயிற்சி. மற்ற நாளெல்லாம் தோப்பு. அறுப்பு நடுவில் அழைப்பு வருகிறது. அவன் போகிறான். முகாமில் அவனுக்கு லங்கரில் சோறு உண்டு, பாரக்கில் கட்டில் உண்டு. சேவையிலிருக்கும் வரையில் நிரந்தரப் படையினனுக்குரிய சம்பளமும் உண்டு. ஆனால் அச்சம்பளம் ஊருக்கு வந்து சேரும் நாள் வரையில் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? உதிர்ந்த காய்க்கு யார் ஜவாப்? சிப்பாயின் வயிறு முகாமில் நிறைந்தால் போதும், அவன் மனைவி மக்களின் அடுப்பு ராணுவக் கணக்கில் சேராது என்ற எண்ணம் நமக்குச் சம்மதமன்று.

முகாமுக்குள்ளேயும் எல்லாம் சரி என்று நம்பிவிட வேண்டாம். 2017 ஜனவரியில் எல்லைக் காவல் படைச் சிப்பாய் ஒருவர், தமக்கு இட்ட கருகிய ரொட்டியையும் நீர்த்த பருப்பையும் படமெடுத்து ஊருக்குக் காட்டினார். ஏப்ரலில் அவரே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, உயர்ந்த பனிமலைத் துருப்புகளுக்கு மாற்று உணவு கொடுத்ததால் உடற்சக்திக்கான கலோரி 82 சதவிகிதம் வரை குறைந்ததென்று கூறிற்று. 2025 ஜூனில் அமர்நாத் யாத்திரைக் காவலுக்குப் புறப்பட்ட எல்லைக் காவல் படையினருக்கு அழுக்கடைந்த ரயில் வண்டி கொடுத்ததற்காக நான்கு ரயில்வே அதிகாரிகள் தற்காலிகமாக விலக்கப்பட்டனர். 2024 நவம்பரில் பித்தோராகரில் டெரிடோரியல் சேனைக்கு ஆள் எடுத்தபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வாகனமும் தங்க இடமுமின்றி அல்லற்பட்டார்கள். நிரந்தரப் படைக்கே இக்கதியானால், வந்து போகும் விருந்தாளியாகக் கருதப்படும் டெரிடோரியல் சிப்பாயின் பாடு என்ன?

சட்டம் ஒன்றும் ஊமையன்று. அழைக்கப்பட்டவன் திரும்பி வந்தால் பழைய எஜமானன் அவனை வேலையில் சேர்க்க வேண்டும் என்று டெரிடோரியல் சேனைச் சட்டம் 7-ஏ பிரிவு கூறுகிறது. நல்லது, ஆனால் தோப்புக் குத்தகைக்காரனுக்கு எஜமானன் யார்? சேவையிலிருக்கும் சிப்பாய்மேல் வழக்கு நடந்தால் கோர்ட்டார் அதை நிறுத்தி வைக்க, 1925-ம் வருஷத்து இந்தியச் சிப்பாய்கள் வியாஜ்யச் சட்டம் இடந்தருகிறது. வக்கீல்களிலேயே பலர் மறந்துவிட்ட சட்டம் அது. அதுவும் வழக்கைத் தள்ளிப் போடுமேயன்றி, வாடகையையும் வட்டியையும் தள்ளாது. அமெரிக்காவிலோ 2003-ம் வருஷத்துச் சட்டப்படி, ரிசர்வ் சிப்பாய் அழைக்கப்பட்டால் அவன் முன்பு வாங்கிய கடனுக்கு 6 சதவிகிதத்துக்கு மேல் வட்டி கூடாது. கோர்ட் உத்தரவின்றி அவன் குடும்பத்தை வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது.

கடமையில் முழுச் சிப்பாய், உரிமையில் அரைச் சிப்பாய் என்ற நிலைமை பழகிப்போயிற்று. அழைப்பு வந்த கணமே ராணுவச் சட்டம் அவனைக் கட்டுகிறது. பென்ஷனுக்கோ சேவை நாட்களை மட்டும் கூட்டி 15 வருஷம் நிரம்ப வேண்டும். விபத்தில் காலிழந்த ஒரு டெரிடோரியல் சிப்பாய்க்கு அங்கஹீனப் பென்ஷன் மறுக்கப்பட்டு, அவர் சுப்ரீம் கோர்ட் வரை போய் 2021 டிசம்பரில் ஜயம் பெற்றார். சலுகை வேண்டேன் என்று அவரிடம் முன்பே வாங்கிய கையெழுத்தைச் சர்க்கார் தரப்பில் ஆதாரமாகக் காட்டினார்கள்! கோர்ட்டார் அதை ஏற்கவில்லை.

எனவே நாம் கேட்பது அதிகமன்று. அழைப்போலையுடன் ஒரு மாதச் சம்பளம் முன்பணமாக வீட்டில் சேரட்டும். ஊரிலிருந்து பட்டாளம் வரைக்கும் வழிச்சாப்பாடும் இரவுத் தங்கலும் சர்க்கார் பொறுப்பாகட்டும். சேவை முடியும் வரையில் வாடகை வீட்டை விட்டுக் குடும்பத்தை எழுப்பவும், பாங்கியில் தண்ட வட்டி ஏற்றவும் தடை விதிக்கட்டும். திண்டுக்கல் கலெக்டர் கச்சேரியில், அழைக்கப்பட்டோர் குடும்பங்களின் முறையீட்டை வாங்கப் பொறுப்புள்ள ஓர் உத்தியோகஸ்தரைக் குறிப்பிடட்டும். உத்தரவு 2028 பிப்ரவரி 9 வரையில் அமுலில் இருப்பது. அடுத்த அழைப்பு வருமுன் பார்லிமெண்டிலுள்ள நமது பிரதிநிதிகள் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். அவர்களுக்குச் சாணார்பட்டியிலிருந்தே முதல் விண்ணப்பம் போகட்டும்.