திரை காட்டுவதும் மாணவர் உய்த்துணர்வதும்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 2018ஆம் ஆண்டு முதல் க்யூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டு 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. திறன்மிகு வகுப்பறைகளும் பெருகி வருகின்றன. கருவி வந்துவிட்ட நிலையில், இலக்கியம் கற்பிக்கும் தமிழாசிரியர் அதனை எங்கே நிறுத்த வேண்டும் என்பதே எஞ்சி நிற்கும் வினா.

திரையின் பயனை மறுத்தல் பொருந்தாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறார். அவற்றுட் பலவற்றை இன்றைய மாணவர் கண்டதில்லை. பழனி மலைத்தொடரில் 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பது. மலையடிவாரத்து ஆயக்குடியில் பயிலும் மாணவருக்கும் அதனைக் காட்டத் திரை வேண்டும். தெய்வம் நீங்கலான கருப்பொருளையே தொல்காப்பியர் உள்ளுறைக்கு நிலைக்களனாகக் கூறுதலின், கருப்பொருளை அறியாதார் உள்ளுறையை அறிதல் அரிது.

ஆயினும் பொருளைக் காட்டுதல் வேறு. அதன் குறிப்பை உணர்த்துதல் வேறு. கபிலரின் குறுந்தொகை 18ஆம் பாடல் இதற்குச் சான்றாகும். தலைவன் நாட்டில் பலா வேரிலே பழுக்கிறது. அதற்கு மூங்கில் வேலியும் உண்டு. தலைவியின் நிலையோ சிறு கிளையில் பெரும்பழம் தொங்குவது போன்றது. அவள் உயிர் சிறிது, காமம் பெரிது. காணொளி இருவகைப் பழங்களையும் காட்டும். வேர்ப்பழத்திற்குள்ள காப்பு கிளைப்பழத்திற்கு இல்லை என்பதை மாணவரே உய்த்துணர வேண்டும். காணொளியின் விளக்கக் குரல் அதனையும் முந்திச் சொல்லிவிடின் பாடல் வெறுஞ் செய்தியாகச் சுருங்கிவிடும்.

கொய்யாத் தோப்புகளுக்குப் பெயர்பெற்றது ஆயக்குடி. பழக்கனத்தால் தாழ்ந்த கிளை அங்குள்ள மாணவருக்குப் புதிதன்று. காணொளியை நிறுத்திவிட்டு, அக்கிளை முறியாதிருக்க என்ன செய்ய வேண்டும் என ஆசிரியர் வினவலாம். காலத்தே பழத்தைப் பறிக்க வேண்டும் என்னும் விடை மாணவரிடமிருந்தே எழும். தோழி வரைவு கடாவுதலின் விரைவு அவ்விடையிலேயே விளங்கிவிடும்.

எனவே, கருவியை இயக்கும் பயிற்சியோடு, அதனை நிறுத்தும் இடம் அறியும் பயிற்சியும் தமிழாசிரியருக்கு வேண்டும். பாடல்தோறும் காட்டத்தக்கது எது, வினவத்தக்கது எது என வரையறுத்துத் தருதல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமையாகும். அப்பணி நிகழாவிடின், சங்கப் பாடல்களைப் பார்த்த தலைமுறை உருவாகும்; படித்த தலைமுறை உருவாகாது.