மருந்து கலக்க மனிதன் கை எதற்கு?

சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு ஆலை வெடித்தால் மந்திரிகள் அனுதாபம் தெரிவிக்கிறார்கள். சர்க்கார் நஷ்டஈடு அறிவிக்கின்றது. ஊரார் "விதி முடிந்தது" என்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள்.

விதியென்றால் அது மருந்து கலக்கும் அறைக்கும், செலுத்தும் அறைக்குமே அடிக்கடி வருவானேன்? முதலாளியின் ஆபீசுக்கு வழி தெரியாதா? வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவைக்கு உராய்வு தெரியும், சூடு தெரியும். கலக்கிறவனுடைய ஜாதகம் தெரியாது.

மனிதனைச் சுவருக்கு அப்பால் நிறுத்திவிட்டு இந்த வேலையை யந்திரத்திடம் விடுவது எட்டாத வித்தையல்ல. சீனாவின் பட்டாசு நகரமான லியூயாங்கில் இது நடைமுறைக்கு வந்திருக்கின்றது. (அங்கும் 2019-ல் ஓர் ஆலை வெடித்து 13 பேர் இறந்தனர். ஆகவே யந்திரம் வந்தால் மேற்பார்வை வேண்டாமென்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.)

நம்மவர்களுக்கு யந்திரம் புதிதுமல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, 1923-ல் ஜெர்மன் யந்திரங்களைக் கொண்டுதான் ஆரம்பித்தார்கள். பிறகு மனிதன் கை மலிவு என்று கண்டதும் கைவேலையே ஊரெங்கும் பரவிற்று. இன்றைக்கும் பட்டாசுப் பெட்டிக்குப் படம் அச்சடிக்க வெளிநாட்டு யந்திரம். உள்ளே போகிற மருந்தைக் கலக்க மனிதன் கை. காகிதம் கசங்கக்கூடாது, கை கருகலாம் போலும்!

மாதிரி யந்திரம் ஒன்றைச் செய்து பொருட்காட்சியில் ஒரு நாள் ஓட்டிக் காட்டுவது வேறு. சித்திரை வெயிலிலும் மருந்துத் தூசியிலும், தினமும் கழுவி, உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்த்து, ரகத்துக்கு ரகம் மாறும் கலவைக்கு ஈடுகொடுத்து, நிலைமின்சாரத்தால் ஒரு பொறிகூடக் கிளம்பாமல் வருஷக்கணக்கில் ஓடும்படி செய்து விற்பது வேறு. வாங்குவோர் உண்டென்ற நிச்சயமில்லாமல் அந்தச் செலவை எவன் செய்வான்?

கேரளத்தைப் பாருங்கள். 2015-ல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் மூவர் மாண்டார்கள். அதன் பிறகு சில இளைஞர்கள் உண்டாக்கிய 'பண்டிகூட்' என்னும் ரோபோ 2018-ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறங்கிற்று. நம் கும்பகோணம் நகராட்சிக்கும் அவ்வாண்டே வந்துவிட்டது. மாதிரி எப்படிச் சரக்காயிற்று? பாதுகாப்பின்றி மனிதனைக் குழியில் இறக்குவது குற்றமென்று 2013-ல் சட்டம் வந்திருந்தது. முன்வந்து ஆதரிக்கச் சர்க்காரும் இருந்தது.

பட்டாசுக்கு அந்த இரண்டும் வேண்டும். கலந்த மருந்தை வண்டியிலேற்றி ஊர் சுற்ற முடியாதாகையால், ஊருக்கொரு பொதுக் கலவைக்கூடம் என்ற யோசனை உதவாது. ஆலைதோறும் யந்திரம் வேண்டும். சிறிய ஆலைக்காரருக்கு அது கட்டாதென்பதும் மெய்தான். முதல் 100 யந்திரங்களைச் சர்க்காரே வாங்கி, விருதுநகர் ஜில்லாவில் தவணைக்குக் கொடுக்கட்டும். இன்ன தேதிக்கு மேல் கையால் கலக்கும் ஆலைக்கு லைசென்ஸ் இல்லை என்றும் சொல்லட்டும்.

"பிழைப்புப் போகுமே" என்பார்கள். குழாய் உருட்டுவதையும் திரி வைப்பதையும் பெட்டி அடுக்குவதையும் நாம் பிடுங்கச் சொல்லவில்லை. மருந்து அறையில் நிற்பவர்கள் சிலரே. அவர்களையே யந்திரம் ஓட்டப் பழக்கி, இப்போதுள்ள கூலிக்குக் குறையாமல் கொடுக்கவேண்டுமென்பதையும் அந்த லைசென்ஸிலேயே எழுதிவிடலாம்.