கையெழுத்து இருக்கிறது, உரிமை எங்கே?

காணி வாங்குவதில் எம்மவரைப் போல விழிப்புடையோர் இலர். இரண்டு பரப்புத் தோட்டக் காணியாயினும், முதிசமா சீதனமா, ஈடு ஏதும் உண்டா, கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் எப்படி என்றெல்லாம் கேட்டு, முப்பது வருட உறுதிகளைப் புரட்டி, காணிப் பதிவகத்திலே தேடுதல் செய்வித்த பின்னரே முற்பணத்தை எடுப்பர். அதே மனிதர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கப் போகும்போது எதைப் பார்க்கின்றார்? இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்கின்றார். ரயரை அமர்த்திப் பார்க்கின்றார். தரகர் நீட்டும் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகின்றார்.

அண்மையில் வலிகாமத்து வெங்காயச் செய்கையாளர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். ஒரு போகத்து வருமானம் முழுவதையும் கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிளை, சந்தைக்குப் போகும் வழியிலே நிதிக் கம்பனி ஒன்றின் ஆட்கள் மறித்து எடுத்துச் சென்றுவிட்டனர். அவர் எம்முன் விரித்த தாள்கள் மூன்று: வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், முன்னைய சொந்தக்காரர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவம். அப்படிவத்தில் வாங்குபவரின் பெயருமில்லை, திகதியுமில்லை. பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதி எங்கே என்று கேட்டோம். போட்டோப் பிரதி ஒன்றைக் காட்டினார். அது எடுக்கப்பட்ட பின்னர் அந்த வண்டியின் மேல் கடன் எடுக்கப்பட்டிருக்கின்றது. பதிவேட்டிலே ‘அப்சலூட் ஓனர்’ என்று வழங்கும் முழு உரிமையாளராகக் கம்பனியின் பெயர் ஏறியிருக்கின்றது. மூலப் புத்தகமும் கம்பனியின் பெட்டகத்திலே இருக்கின்றது. “கையெழுத்து இருக்கிறதே, ஐயா” என்று அவர் மூன்று முறை சொன்னார். கையெழுத்து உண்மையானதுதான். கையெழுத்திட்டவரிடம் கொடுப்பதற்கு உரிமைதான் இருக்கவில்லை.

தம்மிடம் உள்ளதைவிட மேலான உரிமையை விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்க முடியாது என்பது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை விதி. விலக்குகள் சில உண்டு. அவற்றை நம்பிப் பணம் கொடுப்பது அறிவீனம். விற்றவர்மேல் நட்டஈட்டு வழக்கு வைக்கலாமே என்பர் சிலர். வைக்கலாம். ஆனால் விற்றவர் யார்? இந்த வண்டி மூன்று கைகள் மாறி வந்தது. திறந்த படிவம், ‘ஓப்பன் பேப்பர்’ என்று சந்தையிலே செல்லமாக அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டின் பயனே, இடையில் இலாபம் எடுத்தவர் எவருடைய பெயரும் எந்தத் தாளிலும் வராமல் இருப்பதுதான். முதற் சொந்தக்காரர் ஒரு முனையில், விவசாயி மறு முனையில். நடுவே நின்றவர்கள் காற்றோடு காற்றாகக் கலந்துவிட்டனர். வாங்கியவர் பற்றுச்சீட்டுக்கூடக் கேட்கவில்லை.

வருமான அனுமதிப்பத்திரம் வரி கட்டியதற்குச் சான்று. காப்புறுதி தவணைப் பணம் கட்டியதற்குச் சான்று. இவை இரண்டும் உடைமைக்குச் சான்றாகா. பதிவுப் புத்தகத்திலே பெயர் இருப்பதுகூட முடிந்த முடிவன்று. எனினும் அதனினும் குறைந்த எதையும் ஏற்பதற்கில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே கட்டணம் செலுத்திப் பதிவேட்டின் சாற்றைப் பெறலாம். எமது விவசாயி அதைச் செய்திருந்தால் கம்பனியின் பெயர் அன்றே வெளிப்பட்டிருக்கும். சாற்றிலுள்ள இயந்திர இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் வண்டியில் வெட்டப்பட்டுள்ள இலக்கங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அங்கே அரத்தின் தடம் தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். பதிவிலுள்ள சொந்தக்காரரை நேரிற் கண்டு, அடையாள அட்டையைப் பார்த்து, அவர் கையாலேயே படிவத்தை முழுமையாக நிரப்புவித்து, முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டும் பெறுதல் வேண்டும். பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதற்கு உடன்படாத விற்பனையாளரிடம் வாங்காமல் விடுவதே இலாபம்.

களவு போன வண்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பொலிசார் அதை நீதவான் முன் ஒப்படைப்பர். நீதவான் கட்டளை யார் கையில் வண்டி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதே. உடைமை யாருக்கு என்பதற்கு மாவட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டும். அதற்கிடையில், களவுப் பொருள் என்று தெரிந்து வாங்கவில்லை என்று விளக்கும் பாரமும் வாங்கியவர் தலையில் விழும்.

உத்தியோகம் பார்க்கும் எமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வெற்றுப் படிவத்திலே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு இடமாற்றத்திலோ வெளிநாட்டுக்கோ போகின்றவர்களிற் பலர் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களுமே. வண்டி போய்விட்டது, பதிவு போகவில்லை. அது நாளை ஒருவரை மோதிவிட்டு ஓடினால், பொலிசார் முதலில் தட்டுவது பதிவிலுள்ள வீட்டின் கதவை. 1957 இலும் 1958 இலும் வண்டித் தகட்டில் எந்த மொழியின் எழுத்து இருக்க வேண்டும் என்பதற்காக வீதியில் இறங்கிய சமூகம் நாம். அந்தத் தகட்டின் இலக்கம் யார் பெயரிலே நிற்கின்றது என்று பார்க்க எமக்கு ஓர் அரைநாள் கிடைக்கவில்லை!

எனினும் குற்றம் முழுவதையும் மக்கள் மேற் சுமத்துதல் நீதியன்று. 2020 மார்ச் முதல் ஏறக்குறைய ஐந்து வருடங்கள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. பழைய வண்டியின் விலை ஏறியது. கிடைத்ததை வாங்கும் அவசரம் கூடியது. அதற்கும் முன்னர் யுத்தம். மண்ணெண்ணெயிலே ஓடி எம்மைச் சுமந்த எம்.டி. 90 வண்டிகள் இன்றும் வடக்கில் ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர் சிலர் கனடாவில், சிலர் இறந்துவிட்டனர், சிலர் காணாமற் போயினர். புத்தகங்கள் இடம்பெயர்வின் பாதைகளிலே தொலைந்தன. வெளிநாட்டில் இருப்பவரிடம் அற்றோணித் தத்துவம் பெறலாம். இறந்தவரின் உரித்தாளர்களிடம் சம்மதம் பெறலாம். காணாமற்போன மகனின் பெயரிலுள்ள வண்டியைத் தாய் என்ன செய்வாள்? ஒரு மோட்டார் சைக்கிளுக்காக மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்வதா? 2016 ஆம் ஆண்டின் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்க வழி செய்தது. சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பது வேறு; பிறருக்கு விற்று உரிமை மாற்றுவது வேறு.

இந்த இடைவெளியை நிரப்பும் விதிகளைத் திணைக்களம் வெளியிடல் வேண்டும். வன்னியின் பிரதேச செயலகங்களுக்கு நடமாடும் சேவை வந்து, தொலைந்த புத்தகங்களுக்கும் தேங்கிய உரிமை மாற்றங்களுக்கும் அங்கேயே தீர்வு செய்தல் வேண்டும். தமிழும் ஆட்சிமொழி என்று 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் சொல்லுகின்றது. வெங்காயச் செய்கையாளர் எம்மிடம் கொண்டுவந்த படிவத்திலே அவர் வாசிக்கக்கூடிய ஒரு சொல்லும் இருக்கவில்லை.