ஒரு பின் ஒடிந்தால் ஊமையாகும் பெட்டிகள்

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் பட்டுத் தறியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியின் அடிப்படை வடிவம் 1804-இல் பிரான்சில் உருவானது. அதில் ஓர் ஊசி வளைந்தாலோ கொக்கி உடைந்தாலோ யாரும் தறியைக் காயலான் கடைக்கு அனுப்புவதில்லை. மாற்றுச் சாமான் வாங்கிப் போடலாம். கிடைக்காவிட்டால் பட்டறையில் செய்துகொள்ளலாம். மரமும் கம்பியும் அட்டையும்தானே!

தறிக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் செட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2000-களில் வந்த 5.1 செட்கள் சிலவற்றில் சப்-ஊஃபருக்கும் கன்ட்ரோல் பெட்டிக்கும் நடுவே அந்தந்த கம்பெனிக்கே உரிய பல பின் சாக்கெட் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கும், ஸ்பீக்கர் கிழிந்திருக்காது. ஒயர் முனையில் ஒரு பின் ஒடிந்திருக்கும், அவ்வளவுதான். அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள் என்பார் கடைக்காரர்.

அடுத்து எல்லோரும் காட்டும் வழி சென்னை ரிச்சி தெரு. அங்கே பி-38 பின் வேண்டுமா, ஈ.பி. பின் வேண்டுமா, ஆர்.சி.ஏ. பின் வேண்டுமா, டஜன் கணக்கில் அள்ளிக்கொண்டு வரலாம். கம்பெனியின் சொந்த வடிவம் என்றால் அதே மாடலில் செத்துப்போன இன்னொரு செட் கிடைத்தால்தான் உண்டு. கைதேர்ந்த மெக்கானிக் அதற்கெல்லாம் காத்திருக்கமாட்டார். பழைய சாக்கெட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எந்த ஒயர் எதற்கு என்று மீட்டர் வைத்துப் பார்த்து, பொதுவான சாக்கெட்டைப் பற்றவைத்துவிடுவார். பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் பாடும்.

மைக் செட்காரர்கள் பி-38 என்று கேட்டு வாங்கும் 6.35 மி.மீ. பின் 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களிலிருந்து வந்தது. கிட்டாரிலும் கீபோர்டிலும் இன்றும் அதுதான். காரணம் எளிது: அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஐரோப்பிய ரேடியோக்களிலும் டேப் ரெக்கார்டர்களிலும் இருந்த ஐந்து பின் டின் சாக்கெட் ஆடியோவிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனாலும் 1983-இல் மின்னணு இசைக்கருவிகளுக்கென வந்த மிடி இணைப்பு அதே வடிவத்தை எடுத்துக்கொண்டதால், இசைக்கருவிக் கடையில் அந்தப் பின் இன்னும் அகப்படுகிறது. மிடி ஒயரை அப்படியே பழைய ரேடியோவில் செருகினால் வேலை நடக்காமல் போகலாம். பலவற்றில் ஐந்தில் மூன்று பின்னுக்குத்தான் இணைப்பு இருக்கும். பின்னைத் தனியாக வாங்கிப் பற்றவைப்பதே நல்லது.

நோக்கியாவின் பாப்-போர்ட் கதை வேறு. 2002 வாக்கில் வந்த அந்தச் சாக்கெட்டில் வேறு எந்த கம்பெனி ஹெட்செட்டும் நுழையாது. சில ஆண்டுகளில் நோக்கியாவே அதைக் கைகழுவி 3.5 மி.மீ. ஜாக்குக்கு வந்தது. ஆப்பிள் 2003-இல் கொண்டுவந்த 30 பின் சாக்கெட்டை 2012-இல் லைட்னிங்குக்காகக் கைவிட்டபோது, அதை நம்பி வாங்கிய ஸ்பீக்கர் டாக்குகள் ஒரே நாளில் பழசாயின. 2023-இல் லைட்னிங்கும் டைப்-சிக்கு இடம் விட்டது. அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் சட்டம் தேவைப்பட்டது.

புது வடிவமே கூடாது என்பதல்ல வாதம். மேடை மைக்குகளில் இருக்கும் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர்., இரைச்சலைக் குறைக்கவும் ஒயர் கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளவும் வந்த உண்மையான முன்னேற்றம். அமெரிக்காவின் கேனன் கம்பெனி தொடங்கியதை இன்று உலகெங்கும் பலர் செய்கிறார்கள். பூட்டி வைத்த வடிவம்தான் சிக்கல். விற்பனை நின்ற மறுநாளே அது வாங்கியவர் தலையில் விடிகிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான், ஆனால் கட்டாயம் இல்லாத ஏற்பாடு. ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல், செல்போன் விற்பனை நின்ற பிறகும் முக்கிய உதிரி பாகங்களை 7 ஆண்டுகள் தந்தாக வேண்டும். அங்கேயும் ஸ்பீக்கர் செட்டுக்கு இந்த விதி கிடையாது. இந்தியா அதைச் சேர்த்து முந்திக்கொள்ளலாம். பாகத்தை விற்க முடியாத கம்பெனி, எந்தப் பின் எந்த ஒயருக்கு என்ற வரைபடத்தையாவது வெளியிடட்டும். ஒரு தாளுக்கு மேல் ஆகாத வேலை அது.

அதுவரை, பொங்கலுக்கு ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கர் செட்டோ வாங்கப் போகிறவர்கள் விலை கேட்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பழக்கமில்லாத சாக்கெட் தெரிந்தால், மாற்று ஒயர் எத்தனை வருடம் கிடைக்கும் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.